ஸ்மித் கல்லூரிப் பட்டமளிப்பு வார இறுதி: ஊரிலிருந்து வரும் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், நார்த்தாம்ப்டன் என்ற சிற்றூரில் இருக்கிறது ஸ்மித் மகளிர் கல்லூரி. என் மகள் அங்கே படித்து முடித்தாள். அதன் பிறகு ஒவ்வொரு மே மாதமும் மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ வரும் ஓரிரு குடும்பங்களுக்கு வழிகாட்டி வருகிறேன். யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்த குறிப்புகள் இவை.

பெரும்பாலான பிழைகளுக்கு ஒரே காரணம்தான். நம் ஊரில் பட்டமளிப்பு விழா என்றால் ஒரு காலைப்பொழுது. மண்டபத்துக்குப் போவோம், பேர் கூப்பிடுவார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். இங்கே விழா வெள்ளிக்கிழமை தொடங்கி ஞாயிறு மதியம்வரை நடக்கும். பிள்ளைகள் நாலு வருடமாகக் காத்திருப்பது சனிக்கிழமைக்காக. ஞாயிறு காலை மட்டும் வந்து நிற்கும் குடும்பம் பாதி விழாவைத் தவறவிட்டுவிடும். ஆகவே மூன்று நாளையும் மனதில் வைத்து, பின்னாலிருந்து முன்னால் திட்டமிடுங்கள்.

1. முதலில் அறை, மற்றதெல்லாம் பிறகு

கல்லூரியின் நாட்காட்டியில் பட்டமளிப்புத் தேதி வெகு முன்னதாகவே வந்துவிடும். மகள் மூன்றாம் ஆண்டை முடிக்கும்போதே தேதியைக் கேட்டு வாங்கி, அன்றே அறையைப் பதிவு செய்யுங்கள். விசா கைக்கு வராமல் அறை எதற்கு என்று எல்லாரும் கேட்பார்கள். ரத்து செய்தால் பணம் திரும்பி வரும்படியான அறையை எடுத்தால் விசா கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை. அறையைத் தள்ளிப்போட்டால், விசா வந்த பிறகு தங்க இடம் இருக்காது.

இடம் இல்லாமல் போவதற்குக் காரணம் உண்டு. நார்த்தாம்ப்டன் சின்ன ஊர். அதே வார இறுதியில் பழைய மாணவிகளும் ரீயூனியனுக்கு வந்து குவிவார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி, மவுண்ட் ஹோலியோக், ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் என்று இன்னும் நான்கு இருக்கின்றன. அவற்றின் விழாக்களும் மே மாதத்தில்தான். எல்லாரும் அதே ஹோட்டல்களைத்தான் தேடுவார்கள்.

ஊருக்குள் கிடைக்காவிட்டால் ஹோலியோக், வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்டு பக்கம் பாருங்கள். 91ஆம் எண் நெடுஞ்சாலையில் நேரே வந்துவிடலாம். ஹாட்லியில் எடுத்தால் தூரம் குறைவு. ஆனால் 9ஆம் எண் சாலையில் கூலிட்ஜ் பாலத்தைத் தாண்டி வர வேண்டும், விழா நாட்களில் அந்தப் பாலத்தில் வண்டிகள் ஊரும். அங்கே தங்குபவர்கள் எப்போதும் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். தாத்தா பாட்டி வருவதாக இருந்தால் குளியல் தொட்டிக்குள் ஏறி இறங்க வேண்டாத அறை கிடைக்குமா என்று போனில் பேசிக் கேளுங்கள். இணையத்தில் பதிவு செய்யும்போது இது தெரியாது.

உணவகமும் இதே கதைதான். சனி இரவுக்கும் ஞாயிறு மதியத்துக்கும் மேசை பிடிக்கும் வேலையை மகளிடமே விட்டுவிடுங்கள். முன்பதிவு திறக்கும் நாள் அவளுக்குத்தான் தெரியும்.

2. விசா, அதற்கப்புறம்தான் விமான டிக்கெட்

பெற்றோருக்கு வேண்டியது பி1/பி2 பார்வையாளர் விசா. டிஎஸ்-160 படிவத்தை நிரப்பிக் கட்டணம் கட்ட வேண்டும். 2023 ஜூனில் ஆளுக்கு 185 டாலராக உயர்த்தினார்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பாது. நேர்காணலுக்கு நாள் கிடைக்க எவ்வளவு காலம் ஆகும் என்பது மாதத்துக்கு மாதம் மாறும். ஒரு வருடம் முன்பே விண்ணப்பிப்பதில் தப்பில்லை.

கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் மகள் கேட்டால் விழாவுக்கான அழைப்புக் கடிதம் வாங்கலாம். கையில் இருந்தால் நல்லது, ஆனால் அதை வைத்தே விசா தந்துவிட மாட்டார்கள். சென்னை ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்து அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் ஒரு தடித்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு நின்று, எதற்குப் போகிறீர்கள் என்ற கேள்விக்கு மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து ஆரம்பித்த அப்பா ஒருவரை எனக்குத் தெரியும். “மகளின் பட்டமளிப்பு. மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்புகிறோம்.” இவ்வளவு போதும். கேட்டதற்கு மட்டும், உண்மையை, சுருக்கமாகச் சொல்லுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே விண்ணப்பித்துவிடுங்கள்.

விசா ஒட்டிய பாஸ்போர்ட் கையில் வந்த பிறகு டிக்கெட் எடுங்கள். இந்த வரிசையை மாற்றிப் பணத்தை இழந்தவர்களை ஏறக்குறைய வருடா வருடம் பார்க்கிறேன்.

3. பெயர்: இனிஷியல் நம் தலைவலி

இதைச் சொல்வதற்கு இங்கே வேறு யாரும் இல்லை, அதனால் விரிவாகவே சொல்கிறேன். தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் பிள்ளையின் பெயரே குடும்பப் பெயராகிவிடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று அச்சாகும், முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். அதுவே கல்லூரிப் பதிவேட்டிலும் ஏறிவிட்டால், மேடையில் கயல்விழி ‘ஃப்னூ கயல்விழி’ ஆகிவிடும் அபாயம் உண்டு.

கடைசி ஆண்டின் தொடக்கத்திலேயே பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு விஷயங்களை மகள் உறுதி செய்ய வேண்டும். டிப்ளோமாவில், அதாவது பட்டச் சான்றிதழில், அச்சாகும் பெயர் ஒன்று. மேடையில் வாசிக்கும் பெயர் மற்றொன்று. மேல்படிப்புக்கும் வேலைக்கும் காட்டப்போவது டிப்ளோமாவைத்தான், அதனால் அதில் இருக்கும் பெயர் பாஸ்போர்ட்டோடு பொருந்தட்டும். அப்பாவின் பெயரை இனிஷியலாகப் போடுவதா முழுதாகப் போடுவதா என்பதை வீட்டில் பேசி ஒரே முடிவாகச் சொல்லுங்கள். அச்சான பிறகு மாற்றுவது பெரும்பாடு.

மேடையில் வாசிப்பதற்கு உச்சரிப்பைக் கேட்பார்கள். ‘ழ’வை இவர்கள் நாக்குக்கு ஏற்ப எப்படி எழுதிக் கொடுத்தாலும் பாதிதான் வரும். குரலில் பதிவு செய்து அனுப்ப வழி இருந்தால் அதையே செய்யச் சொல்லுங்கள். நாலு வருடம் எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்ட பெண், அந்த ஒரு முறையாவது தன் பெயரைச் சரியாகக் கேட்கட்டும்.

4. எங்கே இறங்குவது

பக்கத்து விமான நிலையம் கனெக்டிகட் மாநிலத்தின் பிராட்லி. அங்கிருந்து காரில் முக்கால் மணி நேரம். பாஸ்டன் லோகனில் இறங்கினால் சுமார் இரண்டு மணி நேரம். நியூயார்க்கில் இறங்கினால் மூன்று மணி நேரத்துக்கு மேல். நியூ ஹேவனிலிருந்து ஆம்ட்ராக் ரயில் நார்த்தாம்ப்டனுக்கே வருகிறது. நிலையத்திலிருந்து கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம், பெட்டி கனம் என்றால் டாக்சி பிடியுங்கள்.

புதன்கிழமைக்குள் வந்துவிடுங்கள். இந்தியாவுக்கும் இங்கேக்கும் மே மாதத்தில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். வெள்ளி இரவு வந்து இறங்கியவர்கள் சனிக்கிழமை இரவு வளாகத்தில் விளக்கு ஏற்றும் நேரத்தில் ஹோட்டலில் தூங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

5. பெட்டியில் என்ன இருக்க வேண்டும்

ஒரு பெட்டிக்குள் இன்னொரு காலிப் பெட்டியை வைத்துக் கொண்டுவாருங்கள். திரும்பும்போது மகளின் நாலு வருடச் சாமான் உங்கள் தலையில்தான் விழும்.

மே மாதக் காலை இங்கே குளிரும், மதியம் வெயில் சுள்ளென்று அடிக்கும், நடுவில் மழையும் வரலாம். பட்டுச்சேலை கட்டும் அம்மாக்கள் மேலே போட ஒரு சால்வையோ ஸ்வெட்டரோ வைத்துக்கொள்ளுங்கள். ஹீல்ஸ் வேண்டாம். விழா முழுக்கப் புல்தரையில். ஹீல்ஸ் போட்டவர்கள் குதி மண்ணில் புதைந்து, நாற்காலி வரிசைக்குள் ஆளுக்கு ஆள் கையைப் பிடித்து நடப்பார்கள். தட்டையான செருப்பு போதும்.

பச்சைக் கறிவேப்பிலை, பழம், செடி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். முறுக்கு, பொடி, ஊறுகாய் கொண்டுவந்தால் உணவுப்பொருள் இருக்கிறது என்று சுங்கத்தில் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொன்னால் பார்த்துவிட்டு அனுப்புவார்கள், மறைத்தால்தான் அபராதம்.

6. வெள்ளிக்கிழமை: பேராசிரியர்களைப் பாருங்கள், மகளை விட்டுவிடுங்கள்

சின்னக் கல்லூரியின் பெரிய வரம், ஆசிரியருக்குப் பிள்ளையைப் பேர் சொல்லித் தெரியும் என்பது. வெள்ளியோ சனியோ துறைகள் குடும்பங்களுக்காகச் சிறு சந்திப்பு வைக்கும். எந்தத் துறை, எத்தனை மணி, எந்தக் கட்டடம் என்று மகளிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கே போய் நம்மவர்கள் ஓரமாக நின்றுவிடுகிறார்கள். ஆங்கிலம் சரளமாக வராது, என்ன பேசுவது என்று தெரியாது. ஒரே கேள்வியைத் தயாராக வைத்திருங்கள்: “என் மகள் எழுதியதில் உங்களுக்கு நினைவிருப்பது எது?” பேராசிரியர் பேச ஆரம்பித்துவிடுவார். நாலு வருடம் போனில் ‘நல்லா படிக்கிறேன்மா’ என்று மட்டும் கேட்ட அம்மாவுக்கு அவள் என்ன படித்தாள் என்பது அப்போதுதான் தெரியும். மகள் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்துச் சொல்லும்போது அவள் முகத்தைப் பாருங்கள். பரிசுப் பொருள் எதுவும் தேவையில்லை. கைப்பட எழுதிய நாலு வரி போதும், தமிழில் எழுதினாலும் சரி.

வெள்ளி இரவு அவளைத் தோழிகளோடு விடுங்கள். இங்கே மாணவிகள் ‘ஹவுஸ்’ என்ற சிறு இல்லங்களில் வருடக்கணக்கில் ஒன்றாக வாழ்ந்தவர்கள். திங்கட்கிழமைக்குள் ஆளுக்கு ஒரு திசையில் போய்விடுவார்கள். “இத்தனை தூரம் வந்திருக்கோம், எங்ககூட இரு” என்று கேட்காதீர்கள். உங்களோடு இருக்க ஞாயிறு மதியத்துக்கு அப்புறம் நாள் இருக்கிறது.

7. சனி காலை: ஐவி டே

பழைய மாணவிகள் வெள்ளை உடையில், வகுப்பு வாரியாக அணிவகுத்து நிற்பார்கள். எண்பது வயது தாண்டியவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு நடுவே இந்த வருடம் முடிக்கும் பெண்கள், அவர்களும் வெள்ளையில், கையில் ஆளுக்கு ஒரு சிவப்பு ரோஜாவோடு நடந்து வருவார்கள். இரண்டு பக்கமும் கைதட்டு. கடைசியில் ஒரு ஐவிக் கொடியை நடுவார்கள்.

இதில் இரண்டு சிக்கல் வரும். முதலாவது, வெள்ளை. சுப நாளில் கன்னிப்பெண் வெள்ளை கட்டுவதா என்று பாட்டிமார் முகம் சுளிப்பதுண்டு. முன்கூட்டியே போனில் விளக்கிவிடுங்கள். காலையில் அறையில் நின்று வாதம் செய்ய நேரம் இருக்காது. தங்க ஜரிகைக் கரை போட்ட வெள்ளைச் சேலை கட்டினால் வீட்டுக்கும் நிறைவு, கல்லூரி வழக்கத்துக்கும் பொருத்தம். சேலை என்றால் ரவிக்கையை ஊரிலேயே தைத்துக் கொண்டுவர வேண்டும், அதனால் அளவை மார்ச்சிலேயே வாங்கிவிடுங்கள். வெள்ளை அணிய வேண்டியது பட்டம் பெறும் பெண்களும் பழைய மாணவிகளும்தான்; குடும்பத்தினர் எந்த நிறமும் உடுத்தலாம். நீங்கள் கலராக வந்தால் கூட்டத்தில் மகளுக்கு உங்களைக் கண்டுபிடிப்பதும் எளிது.

இரண்டாவது, நிற்கும் இடம். எல்லாரும் தொடங்கும் இடத்தில் போய் முண்டியடிப்பார்கள். ஊர்வலம் போகும் பாதையை முந்தைய நாளே மகளிடம் கேட்டு, நடுவில் மரநிழலாகப் பார்த்து ஓர் இடம் பிடியுங்கள். எந்தப் பக்கம் நிற்கப்போகிறீர்கள் என்பதை அவளுக்குச் சொல்லி வையுங்கள். தெரியாவிட்டால் அவள் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே கடந்துவிடுவாள்.

8. சனி இரவு: விளக்குகள்

மதியம் கட்டாயம் இரண்டு மணி நேரம் தூங்குங்கள். இந்த ஊரில் மே கடைசியில் சூரியன் மறைய எட்டு மணிக்கு மேல் ஆகும். அதன் பிறகுதான் இல்லுமினேஷன் நைட். கல்லூரி வளாகம் முழுக்க மின்விளக்கை அடக்கிவிட்டு, மரத்துக்கு மரம் காகித விளக்குகளைத் தொங்கவிட்டு ஒளியேற்றுவார்கள். வளாகத்தில் அங்கங்கே பாட்டும் வாத்தியமும் இருக்கும்.

கார்த்திகை அன்று தெருவே அமைதியாகி அகல் மட்டும் தெரியுமே, அந்த அமைதி இங்கே வரும். போன வருடம் ஒரு சிவகாசிக்காரப் பாட்டி பாரடைஸ் குளத்தின் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து, “இதுக்கா பிள்ளை ஞாயித்துக்கிழமையை விட்டுச் சனிக்கிழமை, சனிக்கிழமைன்னு சொல்லிட்டிருந்தா” என்றார். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை.

போகும்போது டார்ச் வேண்டும், பாதை சரிவாக இருக்கும். இருட்டில் ஒருவரை ஒருவர் தொலைத்தால் சந்திக்க ஓர் இடம் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி முகப்பில் இருக்கும் கிரேகூர் வாசல் எல்லாருக்கும் தெரிந்த இடம்.

9. ஞாயிறு காலை: குவாட்

செங்கல் இல்லங்கள் சூழ்ந்த குவாட் என்ற புல்வெளியில் விழா. வழக்கமாகக் காலை பத்து மணிக்குத் தொடக்கம். எட்டு மணிக்கே போய் உட்காருங்கள். முந்தியவருக்கு முன்வரிசை. நடக்கச் சிரமப்படும் பெரியவர் இருந்தால் கல்லூரிக்கு முன்பே எழுதித் தனி இருக்கை கேட்டு வையுங்கள், காலையில் வாசலில் நின்று கேட்பதைவிட அது நிம்மதி.

பலத்த மழை என்றால் விழா உள்ளரங்கத்துக்கு மாறும். அங்கே இடம் குறைவு. ஒரு குடும்பத்துக்கு எத்தனை பேர், டிக்கெட் உண்டா என்பதை மகள் முன்பே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். சித்தப்பா, அத்தை என்று எட்டுப் பேர் வந்திருந்தால், மழை வந்தால் யார் உள்ளே, யார் ஹோட்டலில் இருந்து நேரலையில் பார்ப்பது என்று சனிக்கிழமையே முடிவு செய்துவிடுங்கள். வாசலில் நின்று முடிவு செய்தால் மனத்தாங்கலில் முடியும்.

ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு நேரலை இணைப்பை அனுப்பிவிடுங்கள். இங்கே காலை பத்து என்றால் அங்கே ஞாயிறு இரவு ஏழரை. சுமார் அறுநூறு பேர் மேடை ஏறுவார்கள், பேச்சுகளும் உண்டு. மகளின் வரிசை எப்போது வரும் என்று தோராயமாகச் சொல்லி வைத்தால் அவர்கள் சாப்பிட்டுவிட்டு உட்காரலாம்.

தொப்பி, சன்ஸ்கிரீன், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். குடையை விரித்தால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். கறுப்புக் கவுனுக்கு உள்ளே பெண் சேலை கட்டினால் மடிப்பை நன்றாகப் பின் குத்தி, தரையிலிருந்து இரண்டு விரல் உயர்த்திக் கட்டுங்கள். மேடைப் படியில் கவுனும் சேலையும் சேர்ந்து காலைத் தடுக்கும்.

10. கையில் வேறு பெண்ணின் டிப்ளோமா இருந்தால் பதறாதீர்கள்

ஒரு வருடம் திருநெல்வேலி அப்பா ஒருவர், மகள் மேடையிலிருந்து இறங்கியதும் நாற்காலிகளைத் தாண்டி ஓடினார். டிப்ளோமாவைப் பிரித்துப் பார்த்தார். யாரோ ஒரு பெண்ணின் பெயர். முகம் வெளிறி, “ஆபீஸ் எங்கே, ஆபீஸ் எங்கே” என்று என்னிடம் வந்தார். அவர் கை நடுங்கியது இன்னும் எனக்குக் கண்ணில் இருக்கிறது.

அது பிழையே இல்லை. ஸ்மித்தில் மேடையில் கொடுப்பது யாரோ ஒருத்தியின் டிப்ளோமாவைத்தான். விழா முடிந்ததும் பெண்கள் எல்லாரும் வட்டமாக நிற்பார்கள். கையில் இருப்பதைப் பக்கத்தில் இருப்பவளிடம் கொடுக்க, அவள் அடுத்தவளிடம் கொடுக்க, தன் பெயர் உள்ளது வந்து சேரும்வரை கைமாறிக்கொண்டே இருக்கும். வந்தவள் கூவிக்கொண்டு வட்டத்தைவிட்டு வெளியே வருவாள். வட்டம் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் நாலைந்து பேர் நிற்பார்கள்.

ஆகவே மேடையிலிருந்து இறங்கியதும் மகளைப் பிடித்து நிறுத்தாதீர்கள், அவள் வட்டத்துக்குப் போகட்டும். குடும்பப் போட்டோவும் அதற்கப்புறம்தான். வட்டத்தின் வெளியே நின்று, தன் பெயரைக் கண்டதும் அவள் நிமிரும் அந்த நொடிக்கு காமிராவைத் தயாராக வைத்திருங்கள்.

11. அறையைக் காலி செய்தல்

விழா முடிந்த கையோடு இல்ல அறையை ஒப்படைக்க வேண்டியிருக்கும். கடைசி நேரம் எது என்று மகளிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டி கட்டும் வேலையை வியாழக்கிழமைக்குள் பாதியாவது முடித்துவிடுங்கள். பட்டுச்சேலையோடு மாடிப்படியில் அட்டைப்பெட்டி சுமந்த அம்மாக்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

சாமானை மூன்றாகப் பிரியுங்கள். ஊருக்குப் போவது, அமெரிக்காவிலேயே அடுத்த ஊருக்குப் போவது, தானமாகப் போவது. உள்நாட்டில் புத்தகம் அனுப்ப அமெரிக்கத் தபால்துறையில் ‘மீடியா மெயில்’ என்று ஒரு சேவை இருக்கிறது; மெதுவாகப் போகும், ஆனால் மலிவு. குளிர்கால ஜாக்கெட்டை ஊருக்கு எடுத்துப்போய் என்ன செய்ய, இங்கேயே தானம் செய்துவிடுங்கள்.

12. மகளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கும் முன்

விழா முடிந்து அவளையும் ஊருக்கு அழைத்துப்போக ஆசை இருக்கும். அவள் இங்கே வேலை பார்க்க ஓபிடி என்ற தற்காலிக வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கிறாள் என்றால், படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிலிருந்து 60 நாள் பின்புவரைதான் விண்ணப்பிக்க முடியும். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வருவதில் சிக்கல் வரலாம். மாணவி விசா காலாவதியாகியிருந்தால் புதிதாக எடுக்கவும் வேண்டும். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் அவள் கேட்டு, அவர்கள் எழுத்தில் பதில் தந்த பிறகு டிக்கெட் எடுங்கள்.

இந்தியாவில் டிப்ளோமாவைக் காட்ட வேண்டியிருந்தால் ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சான்று சொல்லும் அப்போஸ்டில் முத்திரை கேட்பார்கள். கல்லூரிப் பதிவாளரிடம் நோட்டரி சான்றோடு நகல் வாங்கி, பாஸ்டனில் மாநிலச் செயலர் அலுவலகத்தில் கொடுத்தால் முத்திரை போட்டுத் தருவார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு இதைச் செய்வது சுற்றி வளைத்த வேலை. விமானம் பாஸ்டனிலிருந்து என்றால் திங்களன்று இதை முடித்துக்கொள்ளலாம். போகும் வழியில் ஆஷ்லாந்தில் இருக்கும் லட்சுமி கோயிலில் அர்ச்சனையும் செய்துவிடலாம். ராஜகோபுரத்தோடு நம் ஊர்க் கோயில் போலவே இருக்கும்.